மாவாட்டுகிற உத்தியோகம்

அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் அவ்வளவு பேசினாய், நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "அம்மா, லைன்ல இருக்கியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். லைனில்தான் இருந்தேன் கண்ணு. ஃபோனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் வராது. நீ விடுதியில் இருந்து படித்த காலமெல்லாம் உன் அப்பா பேசுவார், நான் பக்கத்தில் நின்று "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கையில் பேனா இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அதனால் எழுதுகிறேன். பெரிதாக இருக்கும். ஆபீஸில் வைத்துப் படிக்காமல், ரூமுக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து படி.

நீ சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "வேலைக்குச் சேந்ததுல இருந்து கக்கூசு ப்ளான் மட்டும்தாம்மா வரையறேன். ஏதோ கார்மெண்ட் ஃபேக்டரி. அத்தனை பொண்ணுங்க அதுல தைக்கப் போறாங்களாம். வாசல், படிக்கட்டு, முன்பக்கக் கண்ணாடி எல்லாம் மத்தவங்களுக்கு. எனக்குக் கக்கூசு. கூடப் படிச்சவங்க கேட்டா என்னன்னு சொல்லட்டும்? அடுத்த திங்கக்கெழம பேப்பர் போட்டர்றேன்." உன் அப்பா இதைக் கேட்டதிலிருந்து, வேறு வேலை கிடைக்காமல் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உன்னைத் தடுக்க எழுதவில்லை. வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் கையில். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் என் முதல் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ பிறப்பதற்கு முன்பு நான் கிரைண்டர் கம்பெனியில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன். காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காட்டுக் குடும்பத்தில் என் பெயருக்குப் பின்னால்தான் முதன்முதலாக இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. கல்லூரியில் நான் வாயே திறக்காத பெண். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்திருந்தும் சத்தம் வராமல் நின்றவள். எனக்குப் பிடித்த இடம் ஆய்வுக்கூடம்தான், ஏனென்றால் அங்கே யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். ஒரு குடுவையில் இருக்கும் அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்போம். ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது. ஏதோ ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகி நிற்கும். அந்த ஒரு சொட்டுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். வேலைக்குப் போனால் இப்படி ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு யாரோடும் பேசாமல் சொட்டு விட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிங்காநல்லூரில் இருந்த என் மாமாதான் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். டெஸ்டிங் பிரிவுக்கு அறிவியல் படித்த பெண் தேவை என்று போட்டிருந்தது. முதலாளி ஒரு நாயுடு. வீட்டுக்கு ஃபோன் செய்தால் தெலுங்கு, எங்களிடம் நம் தமிழ். என்னை உட்கார வைத்து இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார்.

"தெர்மாமீட்டர் பாக்கத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"இதுக்கு முன்னால இருந்த பசங்க ஒடச்சு ஒடச்சுப் போட்டானுக. நீ ஒடைக்காம வெச்சுக்குவியா?"

"சரீங்க."

அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. இடத்தைக் காட்டுவதற்கு ஆள் அனுப்பினார். லேத் ஓடுகிற பட்டறையைத் தாண்டி, கல் குவித்திருந்த முற்றத்தைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு ஷெட்டுக்குள் போனோம். வரிசையாகக் கிரைண்டர்கள். பெரிய அண்டாக்களில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. முழங்கை வரை மாவோடு ஒரு பெண் நின்றிருந்தார். அவர்தான் சரசக்கா, ஒண்டிப்புதூர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரிடம், "லேப் எங்கீங்க்கா?" என்று கேட்டேன்.

"இதா, இதுதான் அம்மணி லேப்பு. கையக் கழுவீட்டு வா, ஆட்டலாம்."

வேலை இதுதான். தயாராகி வரும் ஒவ்வொரு கிரைண்டரையும் ஆட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது. புதுக் கல்லில் முதலில் தவிடு போட்டு ஓட்டிக் கழுவிக் கொட்ட வேண்டும், கல்லின் மணல் அதில் வந்துவிடும். பிறகு அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்ட வேண்டும். மாவு சூடேறுகிறதா என்று தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டும்போதே சூடான மாவு சீக்கிரம் புளித்துவிடும். மோட்டார் சத்தத்தைக் கேட்க வேண்டும். மாவை விரலில் தேய்த்து, நாக்கில் வைத்து, கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவற்றுக்கு இங்கிலீஷில் குறிப்பு எழுத வேண்டும். பட்டதாரி வேண்டும் என்று கேட்டது அதற்காகத்தான். அப்படி ஆட்டின மாவு வீணாகாது. கம்பெனி கேண்டீனுக்குப் போய் இட்லியாகும்.

அதாவது, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் கோயமுத்தூருக்குப் போய் நாள் முழுக்க மாவாட்டினாள்.

இதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரம் முழுக்க மாமா வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். என் அப்பா காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் எனக்காக நிற்பார். கண்டக்டரிலிருந்து தேங்காய் வியாபாரி வரை எல்லோரிடமும், "எம் பொண்ணுங்க. கோயமுத்தூர்ல கெமிஸ்ட்டா இருக்குது" என்பார். கெமிஸ்ட் என்ற சொல் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் கெமிஸ்ட்ரி படித்ததிலிருந்து அவரே செய்துகொண்டது போல. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆட்டுக்கல் பக்கமே என்னை விட மாட்டார். "படிச்ச புள்ள, வாரம் பூரா தலையப் போட்டு ஒடச்சுக்கறே. நீ போய்ப் படு கண்ணு, நான் ஆட்டிக்கறேன்" என்பார். நான் உள்ளே படுத்துக்கொண்டு, வெளியே குழவி உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவின் கை எந்தச் சுற்றில் தளர்கிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் வாங்கி ஆட்டினால் என் கை வேகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து படுத்திருப்பேன்.

முதல் சில மாதங்கள் அந்த வேலையை நான் ஏனோதானோ என்றுதான் செய்தேன். மனசு அங்கே இல்லை. வேறு எங்காவது விண்ணப்பம் போட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தீபாவளிக்கு முந்தின வாரம், அவசரமாக நிறைய கிரைண்டர்கள் அனுப்ப வேண்டியிருந்தது. தவிடு ஓட்டினோமா இல்லையா என்று நினைவில்லாமலே ஒரு கல்லில் அரிசியைப் போட்டுவிட்டேன். நாக்கில் வைத்தும் பார்க்கவில்லை. சத்தம் சரி, சூடு சரி, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். மறுநாள் காலை கேண்டீனில் எல்லோரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்த நொடியை நான் இன்னும் மறக்கவில்லை. லேத் பட்டறை ராமண்ணன் வாயில் கையை விட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங் சரசு, இன்னைக்கு இட்லிக்குச் சல்லி போட்டீங்களாட்டிருக்குது. இதக் கொண்டு போய் எங்கூட்டு வழிக்கு ரோடு போடலாம்."

"அம்மணி பி.எஸ்சி.ங்க அண்ணா. அவிய படிப்புல அரிசியும் கல்லும் ஒண்ணுதானாமா" என்றார் சரசக்கா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கோபப்படவில்லை. இட்லியை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. சரசக்கா தன் தட்டில் இருந்ததையும் என் தட்டில் இருந்ததையும் மாட்டுக்குக்கூடப் போட முடியாது என்று குழி தோண்டிப் போட்டார். பிறகு என்னைக் கூட்டிப் போய், நேற்று ஓட்டின கிரைண்டர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆட்டச் சொன்னார். திட்டவில்லை. "அனுப்பிச்சிருந்தா எவளோ ஒருத்தி ஊட்டுல இதே மாதிரி வாய நிறுத்தியிருப்பாங்க. அங்க சிரிக்கறதுக்கு ராமண்ணன் இருக்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாவையும் நாக்கில் வைத்தேன். நாக்கில் வைக்க வேண்டுமென்றால் நின்று கவனிக்க வேண்டியிருந்தது. கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. உளுந்து ஆட்டும்போது, முதலில் அது தண்ணீரும் பருப்புமாகச் சலசலவென்று சுற்றும். ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது. கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். ஏதோ ஒரு தெளிப்பில் சத்தம் மாறும். சலசலப்பு அடங்கி, குப் குப்பென்று மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மாவு வெள்ளையாகப் பொங்கி எழும். கையை உள்ளே விட்டால் கனமே இருக்காது. அந்த நொடியைத்தான் நான் கல்லூரியில் குடுவைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மணி. அதே சொட்டு. இங்கே இளஞ்சிவப்புக்குப் பதில் வெள்ளை. ஒரு நாளைக்கு எத்தனை கிரைண்டர் வந்தாலும் அந்த நொடி ஒவ்வொன்றிலும் வந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. பழைய உளுந்தில் தாமதமாக வரும். மழை நாளில் சீக்கிரம் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். சரசக்கா, "இதப் பாருடி, கிரைண்டருகிட்ட ஜாதகம் கேக்கறா" என்று கேலி செய்வார்.

அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, காலையிலிருந்து ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் ஏன் வாரா வாரம் பஸ்ஸில் ஏறும்போது இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது? யோசித்துப் பார்த்தேன். வேலை செய்யும்போது எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதன் பெயரைச் சொல்ல வேண்டி வரும்போதுதான் கஷ்டம் வந்தது. ஷெட்டுக்குள் நான் நன்றாக இருந்தேன். காங்கேயம் பஸ் ஸ்டாண்டில்தான் செத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து, வேலை பிடிக்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஷெட்டில் நிஜமாகவே கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. பெண்களுக்கென்று கட்டியிருந்த கக்கூஸின் கதவு நேராக, இரும்பு உருக்கி ஊற்றும் வார்ப்படப் பட்டறை முற்றத்தைப் பார்த்து இருந்தது. அங்கே எந்நேரமும் பத்துப் பேராவது பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் நாங்கள் போவதையும் வருவதையும் எல்லோரும் பார்க்கும்படி போக எங்களால் முடியாது. அதனால் காலையில் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால், பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். நாள் முழுக்கக் கை தண்ணீரிலேயே கிடக்கும், உதடு காய்ந்திருக்கும். சரசக்காவுக்கு அடிக்கடி அடிவயிறு வலிக்கும். சூடு என்பார். வெந்தயத்தை மோரில் போட்டுக் குடிப்பார், அதுவும் வீட்டில்தான்.

இந்த நிலையில்தான் உன் அப்பா வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். உன் அப்பா டிப்ளமா முடித்துவிட்டு கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தார். கூட வந்தவர் உன் பெரியத்தை. உனக்குத் தெரியுமே, மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவர், இரைச்சலில் பேசிப் பேசி அவர் மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். தட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன்.

"புள்ள கெமிஸ்ட்டுன்னு சொன்னாங்க. அதுல என்ன கண்ணு வேலை?" என்று பெரியத்தை கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "அது பெரிய டெஸ்டிங்குங்க. எல்லாம் இங்கிலீசுல எழுதோணுமாமுங்க."

"நான் புள்ளையத்தானுங்களே கேட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தால் அப்பாவே மீதியையும் சொல்லியிருப்பார். கல்யாணம் ஆகிக் கெமிஸ்டாகவே அந்த வீட்டுக்குள் போயிருப்பேன். பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வீட்டிலும் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலவே நிற்க வேண்டும். அது எனக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த இடம் போய்விடலாம், அப்பாவுக்குத் தலைகுனிவு ஆகலாம், வேலையையும் நிறுத்திவிடச் சொல்லலாம். அதுவும் தெரிந்தது.

"கிரைண்டர் கம்பெனிங்க. மாவாட்டறனுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அப்பா கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. சமையலறை வாசலில் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவாட்டறதுக்கு பி.எஸ்சி. படிக்கோணுமா கண்ணு?"

"ஆட்டறது கம்மிதானுங்க. கேக்கறதுதானுங்க வேலை."

"கேக்கறதா? யாரக் கேக்கறது?"

"கிரைண்டரத்தானுங்க."

பெரியத்தை ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு நன்றாக நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஒண்ணு சொல்லு பாக்கலாம். எங்கூட்டு கிரைண்டரு ஒரு மாசமாக் கத்துது. என்னத்துக்குக் கத்துது?"

"எப்படிங்க கத்துது?"

"கத்துதுன்னா கத்துது. நானென்ன கிரைண்டராட்டக் கத்தியா காட்டறது? டேய், நீ காட்டு."

உன் அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. காது சிவந்துபோய் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தார். அக்கா விடுகிற மாதிரி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சபை நடுவில், "கிர்ர்ர்ர்… டொக். கிர்ர்ர்ர்… டொக்" என்றார்.

"சுத்துக்கு ஒருக்காவா, இல்ல நெனச்சப்பவாங்க?" என்று நான் அவரையே கேட்டேன்.

"சுத்துக்கு ஒருக்காங்க."

"மாவு கெட்டியானா சத்தம் கொறையுதுங்களா?"

"ஆமாங்க. கொறையுதுங்க."

"அப்ப குழவிக்குள்ள இருக்கற புஷ்ஷு தேஞ்சிருக்குமுங்க. அத மாத்தீட்டாச் செரியாப் போயிருமுங்க."

நானும் உன் அப்பாவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இதுதான். நாங்கள் முதலில் என்ன பேசினோம் என்று சின்ன வயதில் நீ கேட்கும்போதெல்லாம் அவர் கிர்ர் டொக் என்று சொல்லிக் காட்டுவார், நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாய். அது நிஜம்.

அவர்கள் போன பிறகு அப்பா எழுந்தார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் புறப்பட்டவர், வாசலில் நின்று, "கெமிஸ்ட்டுன்னே சொல்லியிருக்கலாமல்ல சாமி" என்றார். குரலில் கோபமே இல்லை. "கெமிஸ்ட்டு இல்லீங்களே அப்பா" என்றேன். அவர் போய்விட்டார். அம்மா வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் ஊறி ஊறி வெளுத்திருந்ததை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "அப்ப ஞாயித்துக்கெழம நீ ஆட்டிக் குடுத்தாத்தான் என்ன?" என்று கேட்டார். சிரித்துவிட்டு அழுதோம்.

அடுத்த வாரம் பெரியத்தையிடமிருந்து ஆள் வந்தது. புஷ் மாற்றியாகிவிட்டது, சத்தம் நின்றுவிட்டது, பெண்ணைப் பிடித்திருக்கிறது, வேலைக்குப் போவதானால் போகட்டும் என்று. இந்த வரிசையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க அப்பா கம்பெனிக்கு வந்தார். முதலாளி அவரைக் கேண்டீனில் உட்கார வைத்து இட்லி வைக்கச் சொன்னார். நான் முந்தின நாள் ஆட்டின மாவு. அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "உப்புப் பத்தல" என்றார். உப்புப் போடுவது கேண்டீன்காரர் வேலை, டெஸ்டிங்கில் உப்புப் போட மாட்டோம். அதை நான் சொல்லவில்லை. வீட்டில் நான் வைத்த குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார், அது எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் அவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறாய்? "எம் பொண்ணு கிரைண்டர் கம்பெனில டெஸ்டிங்குங்க. அது நாக்குல வெச்சுச் செரின்னு சொன்னாத்தான் வண்டியே ஏறும்." இதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். விட்டுவிட்டேன்.

ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அடுத்த தடவை அவ்வளவு கனமாக இருப்பதில்லை. கல்யாணம் ஆகிச் சில மாதம் கழித்து, முதலாளி ஷெட்டுக்குள் வந்தபோது, நான் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லும்மா. ஒடஞ்சு போச்சா?"

"இல்லீங்க. பொம்பளைங்க கக்கூசுக் கதவு வார்ப்படத்தப் பாத்து இருக்குதுங்க. யாருமே போறதில்லீங்க. அதனால தண்ணியே குடிக்கறதில்லீங்க."

அவர் முகம் மாறியது. "எத்தன நாளா?"

பின்னாலிருந்து சரசக்கா குரல் வந்தது. "கட்டுன நாள்ல இருந்துங்க."

"நாந்தான நின்னு கட்ட வெச்சேன். நடக்கற தூரம் கம்மியா இருக்கட்டும்னு பாத்தேன்" என்றார். பிறகு தெலுங்கில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே கொத்தனார் வந்தார். பழைய கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்து, மறுபக்கம் வேலியோரமாக வாசல் வைத்து, முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவரும் எழுப்பினார். சுவர் காய்ந்த அன்று மத்தியானம், சோற்றுக்குப் பிறகு சரசக்கா சொம்பை எடுத்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். தண்ணீர் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. சொம்பை வைத்துவிட்டு, "அம்மணி, தண்ணி இவ்வளவு ருசியாடி?" என்றார். நீ பிறந்ததும் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். எத்தனையோ மறந்துவிட்டது. அந்தச் சொம்பை மறக்கவில்லை.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு ஆர்க்கிடெக்சரில் இடம் கிடைத்த அன்று நான் எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் சொன்னேன். "பெரிய பெரிய கட்டடமெல்லாம் அவதான் போடப் போறா" என்றேன். என் அப்பா பஸ் ஸ்டாண்டில் எதைச் செய்து என்னைக் கூச வைத்தாரோ, அதையே உனக்குச் செய்திருக்கிறேன். நான் ஏற்றி வைத்த கட்டடத்திலிருந்து நீ இறங்கி வந்து, கக்கூஸ் வரைகிறேன் என்று சொல்வது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். உனக்கு வலிப்பது வரையும்போதா, சொல்லும்போதா? நாளைக்கு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து, நிதானமாகப் பார். பென்சிலோ மவுஸோ கையில் ஓடும்போது மனசு எங்கே இருக்கிறது என்று பார். வரையும்போதே வலிக்கிறது என்றால், திங்கட்கிழமை பேப்பரைப் போட்டுவிட்டு வா. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் அறை அப்படியே இருக்கிறது. சொல்லும்போதுதான் வலிக்கிறது என்றால், கொஞ்சம் பொறு. சொல்லிப் பழக ஆள் வேண்டும், அவ்வளவுதான். நானும் உன்னோடு சேர்ந்து சொல்கிறேன். நீ வரைவதைப் பார்த்து அங்கே எந்தப் பெண்ணும் ஆச்சரியப்பட மாட்டாள். நன்றாக வரைந்திருந்தால் அது அவள் கண்ணிலேயே படாது. தைத்துக்கொண்டிருக்கும்போது தாகம் எடுத்தால் யோசிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

நான் நேற்றே ஆரம்பித்துவிட்டேன். பெரியத்தை வந்திருந்தார். உன்னைப் பற்றி விசாரித்தார். "எம் பொண்ணு பெங்களூர்ல, ஒரு துணிக் கம்பெனிக்குக் கக்கூசு வரையறா அண்ணி" என்றேன். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்த கை அப்படியே நின்றது. மில்லில் அத்தனை வருடம் இருந்தவர் இல்லையா.

"கதவு எந்தப் பக்கம் வெக்கறாளாமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லு கண்ணு.

அம்மா